ரெண்டு அட்டை மாத்திரையும் ஒரு காலி ஷெட்டும்: ஏற்காடு மலை கேம்ப், ஒரு நிகழ்வு ஆய்வு

சேலத்துல ஒரு நடுத்தர டிரஸ்ட் ஆஸ்பத்திரில நான் அட்மின் பக்கம் இருக்கேன். ஆஸ்பத்திரி பேரு, மலையில இருக்குற எஸ்டேட் பேரு, ஊர் பேரு எதுவும் வேணாம், இதுல கோட்டை விட்டது முக்கியமா நாங்கதான், மத்தவங்களை எதுக்கு இழுக்கணும். ட்ரெய்னிங்ல ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட்னு, அதாவது நம்ம வேலையில சம்பந்தப்பட்ட எல்லாரையும் எப்படி அனுசரிச்சுப் போறதுன்னு, ஒரு நாள் பூரா சொல்லித்தருவாங்கல்ல, அதை நாங்க பேப்பர்ல ஒழுங்கா செஞ்சு மலையில எப்படி சொதப்புனோம்ங்கிறதுதான் இந்த கேஸ்.

ஏற்காடு ஏரியில இருந்து ஜீப்ல முக்கால் மணி நேரம் உள்ள போனா ஒரு காப்பி எஸ்டேட், அதை ஒட்டி மலையாளி மக்களோட ஊரு. (மலையாளின்னதும் கேரளான்னு நெனைக்காதீங்க, சேலத்துக்காரங்களே சில பேர் குழம்புவாங்க. இவங்க தமிழ் பேசுற மலைவாழ் பழங்குடி மக்கள், சேர்வராயன் சாமி கும்புடுறவங்க.) எஸ்டேட் லைன் வீட்டுல, அதாவது தொழிலாளர் குடியிருப்புல, இருக்குறவங்களுக்கும் இந்த ஊருக்கும் சேர்த்து மாசத்துல ரெண்டு புதன்கிழமை மருத்துவ கேம்ப். எஸ்டேட் ஆபீஸ் பக்கத்து ஷெட்ல ஒரு டாக்டர், ரெண்டு நர்ஸ், ஒரு லேப் பையன், ஒரு மருந்துப் பெட்டி. பிரஷர், சுகர், ரத்தசோகை, கொஞ்சம் கண்ணு பாக்குறது.

முதல் ரெண்டு கேம்ப்ல டோக்கன் புக்கே பத்தல, பழைய ஓபி சீட்டை கிழிச்சு பின்னாடி நம்பர் போட்டு குடுத்தோம். அஞ்சாவது கேம்ப்ல டாக்டர் ஷெட் வாசல்ல சேர் போட்டு வெயில் காஞ்சிட்டு இருந்தாரு, ரெண்டு நாய் படுத்திருந்துச்சு, வந்த பேஷன்ட்டை ஒரு கை விரல்ல எண்ணிடலாம்.

பணம் ஒரு கம்பெனியோட சிஎஸ்ஆர் நிதி, அதாவது சமூகப் பொறுப்புக்குன்னு ஒதுக்குற காசு. 2013 கம்பெனிகள் சட்டத்துல 135ஆவது பிரிவு, ஒரு அளவுக்கு மேல இருக்குற கம்பெனிங்க முந்தின 3 வருஷ சராசரி நிகர லாபத்துல 2 சதவீதத்தை சமூகப் பணிக்கு செலவு பண்ணணும்னு சொல்லுது, எங்கள மாதிரி ஆஸ்பத்திரிங்க வெளி கேம்ப் நடத்துறதெல்லாம் இந்த மாதிரி காசுலதான். அவங்க குடுத்த ரிப்போர்ட் பாரத்துல ஒரே ஒரு கட்டம்தான் தடிச்ச எழுத்துல இருந்துச்சு, பயனாளிகள் எண்ணிக்கை. கூடவே ஆளுக்கு ஒரு ஆதார் நம்பர். இந்த ரெண்டையும் மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

போர்டுல போட்ட நாலு கட்டம்

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு ரோடு பக்கம் ஒரு ஹோட்டல்ல ஹால் எடுத்து, தட்டுவடை செட் வரவழைச்சு சாப்பிட்டுட்டே பிளான் போட்டோம். வெள்ளை போர்டுல நாலு கட்டம். ஒரு பக்கம் அதிகாரம் எவ்வளவு, இன்னொரு பக்கம் அக்கறை எவ்வளவு, மெண்டலோ கிரிட்னு பேரு, எம்பிஏ படிச்ச எல்லாருக்கும் தெரியும். ஸ்டேக்ஹோல்டர்ங்கிற சிந்தனையை 1984ல ஃப்ரீமேன் மேனேஜ்மென்ட் பக்கம் பெருசா கொண்டு வந்தாரு, 1997ல மிட்செல், ஏகிள், வுட்னு மூணு பேரு அதிகாரம் மட்டும் பாக்காதீங்க, கேக்குறது நியாயமா, அவசரமா அதையும் பாருங்கன்னு சொன்னாங்க. அந்த 1997 விஷயத்தை நான் ஸ்லைடுல போட்டேன், மீட்டிங்ல யாரும் அந்த ஸ்லைடுல நிக்கல, நானும் நிக்க வெக்கல.

மேல் கட்டத்துல டிரஸ்டி, கம்பெனி, மாவட்ட இணை இயக்குநர், எஸ்டேட் மேனேஜர். கீழ, "தகவல் சொன்னா போதும்"னு இருக்குற கட்டத்துல ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர், கிராம சுகாதார செவிலியர், வீடு வீடா மாத்திரை கொண்டு போற தன்னார்வலர் அக்கா. ஜீப் டிரைவர் போர்டுலயே இல்ல. அவரு வாடகை வண்டி, வெண்டார் லிஸ்ட்ல இருந்தாரு.

இதுல முதல் தப்பு என்னன்னா அரசு சுகாதாரத்துறையை நாங்க ஒரே ஆளுன்னு நெனைச்சுட்டோம். வெளிய இருந்து பாக்க அப்படித்தான் தெரியும், உள்ள மூணு தனி இயக்ககம். சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வி பக்கம் வரும், ஏற்காடு அரசு ஆஸ்பத்திரி மாதிரி தாலுகா ஆஸ்பத்திரிங்க எல்லாம் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள், அதுக்குத்தான் மாவட்டத்துல இணை இயக்குநர். ஆரம்ப சுகாதார நிலையம் (பிஎச்சி), துணை நிலையம், செவிலியர், வீட்டுக்கே மாத்திரை கொண்டு போற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் எல்லாமே பொது சுகாதாரத்துறை, அதுக்கு துணை இயக்குநர்னு பழகின பதவி, இப்போ மாவட்ட சுகாதார அலுவலர்னு சொல்றாங்க. நாங்க இணை இயக்குநருக்கு அழகா ஒரு லெட்டர் குடுத்து சீல் வாங்கிட்டு "கவர்மென்ட் பக்கம் முடிஞ்சுது"ன்னு டிக் போட்டோம். மலையில அந்த ஊருக்குள்ள தெனமும் நடக்குற செவிலியருக்கு அந்த லெட்டர் போகவே இல்ல, போகவும் வழி இல்ல.

ரெண்டாவது தப்பு கிழமை. தமிழ்நாட்டுல புதன்கிழமைன்னா தடுப்பூசி நாள், எந்த பிஎச்சி வாசல்ல போய் கேட்டாலும் சொல்லுவாங்க. எங்க டாக்டருக்கு புதன் ஃப்ரீ, அதனால புதன். செவிலியர் அதை எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னா, நான் வர முடியாத நாளா பாத்து வெச்சிருக்காங்கன்னு. அவங்க நெனைச்சதுல என்ன தப்பு?

கொண்டை ஊசி வளைவுல கிடைச்ச பதில்

கேம்ப் காலியானதும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம். காப்பி பழம் பறிக்கிற சீசன், நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும், கூலியை விட்டுட்டு யாரு வருவாங்கன்னு ஒருத்தர். இது பாதி உண்மை. மலைவாழ் மக்களுக்கு விழிப்புணர்வு பத்தலைன்னு இன்னொருத்தர், இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும், நம்ம கடைக்கு ஆள் வரலேன்னா கடையை பாக்கணும். பிட் நோட்டீஸ் அடிக்கலாம், மைக் கட்டலாம்னு பேச்சு போச்சு.

அன்னிக்கு சாயங்காலம் எறங்குறப்போ நான் முன் சீட்ல. அடிவாரத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு, அதுல பாதி எறங்கின பின்னாடி டிரைவர் மெதுவா ஆரம்பிச்சாரு. "மேடம், கோவிச்சுக்காதீங்க, நம்ம மாத்திரை ஆளை சாய்க்குதுன்னு மேல பேச்சு. உங்களுக்கு தெரியும்னு நெனைச்சேன்."

எனக்கு தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. ஒன்றரை மாசமா அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் எங்க ஜீப்ல எங்க கூடவே ஏறி எறங்கிட்டு இருந்திருக்கு.

அடுத்த வாரம் கேம்ப் இல்லாத ஒரு நாள்ல, பேனர் இல்லாம, போட்டோகிராபர் இல்லாம நானும் சீனியர் நர்ஸும் மட்டும் போனோம். ரெண்டு நாள் எடுத்துச்சு. தெரிஞ்சது இது.

பழம் பறிக்கப் போற ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், சுகர் பேஷன்ட். அவங்களுக்கு ஏற்கனவே பிஎச்சி மாத்திரை போயிட்டு இருந்துச்சு, மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்கல்ல, அதே திட்டத்துல தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்குற மாத்திரை. எங்க கேம்ப்ல டாக்டர் கேட்டிருக்காரு, வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மான்னு. அவங்க இல்லீங்கன்னுட்டாங்க. ஏன்னா ஆமான்னா புது டாக்டரு மாத்திரை தர மாட்டாருன்னு பயம், கேம்ப் மாத்திரை அட்டை பளபளன்னு வேற இருக்கு. அவங்க பிஎச்சி நோட்டை காட்டியிருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். ஆனா நாங்க நோட்டீஸ்ல "ஆதார், ரேஷன் கார்டு கொண்டு வரவும்"னு போட்டோமே தவிர பழைய மருந்து நோட்டைக் கொண்டு வாங்கன்னு ஒரு வரி போடல. ஆதார் எதுக்குன்னா அந்த ரிப்போர்ட் பாரத்துக்கு.

விளைவு, வீட்டுல ரெண்டு அட்டை. பேரு வேற, கலர் வேற, ஆனா ரெண்டுலயும் சல்ஃபோனைல்யூரியா வகை மருந்து. அந்த வகை கணையத்தை தட்டி இன்சுலினை சுரக்க வெக்கும், வயித்துல சோறு இருக்கா இல்லையான்னு அது பாக்காது. விடியக்காலைல ரெண்டையும் போட்டுக்கிட்டு ஒரு வரக்காப்பி குடிச்சிட்டு மலைச்சரிவுல கூடையோட நின்னா என்ன ஆகும்? வேர்த்து விறுவிறுத்து விழுந்துட்டாங்க. மேஸ்திரி சர்க்கரைத் தண்ணி கரைச்சு குடுத்திருக்காரு, அது உயிரைக் காப்பாத்துன புத்தி. செவிலியர் ஓடி வந்து குத்திப் பாத்தப்போ, சர்க்கரைத் தண்ணி உள்ள போன பின்னாடியும் 70க்கு கீழதான் இருந்திருக்கு. 70க்கு கீழன்னாலே தாழ்சர்க்கரைன்னு கணக்கு.

அந்தம்மா பொழைச்சுக்கிட்டாங்க. ஆனா ஊர்ல முடிவு பண்ணிட்டாங்க, கேம்ப் மாத்திரை ஆகாதுன்னு. அதோட நிக்கல, சில பேரு பயத்துல பிஎச்சி மாத்திரையையும் சேர்த்து நிறுத்திட்டாங்க. இதுதான் எனக்கு இன்னிக்கும் உறுத்துற இடம். நாங்க போகாம இருந்திருந்தா அவங்க ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்திருப்பாங்க.

செவிலியர்கிட்ட கேட்டேன், சிஸ்டர் எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேன்னு. சிரிச்சாங்க. "எந்த நம்பருக்கு மேடம்? உங்க பேனர்ல அப்பாயின்ட்மென்ட் நம்பர்தான் இருக்கு. நான் எங்க வட்டார மருத்துவ அலுவலர்கிட்ட வாயால சொன்னேன், அவ்வளவுதான். உங்க கேம்ப் முடிஞ்சா உங்களுக்கு வேலை முடிஞ்சுது, எனக்கு அன்னிக்குத்தான் ஆரம்பிக்குது. யாரு எதை நிறுத்தினாங்க, யாருக்கு என்ன மாத்துனீங்கன்னு வீடு வீடா போய் என் ரிஜிஸ்டரை நான் திருத்தணும்."

அந்த ரிஜிஸ்டர் பேச்சுதான் எனக்கு உறைச்சுது. நாங்க போர்டுல கேட்ட கேள்வி, யாருக்கு அதிகாரம் இருக்குன்னு. கேட்டிருக்க வேண்டியது, நம்மளால யாருக்கு வேலை கூடுதுன்னு. அந்தக் கேள்வியைப் போட்டா நாலு கட்டமும் தலைகீழா திரும்பிடுது. டிரஸ்டிக்கு ஒரு வேலையும் கூடல, கம்பெனிக்கு கூடல, கீழ் கட்டத்துல இருந்த மூணு பேருக்குத்தான் கூடிச்சு, தன்னார்வலர் அக்கா கொண்டு போன மாத்திரையை வேணாம்னு திருப்பி குடுத்த வீடு எல்லாம் அவங்க கணக்குல பாக்கியா நின்னுச்சு.

கேட்டும் கவுன்டரும்

இன்னும் ரெண்டு காரணம் இருந்துச்சு. ஷெட் எஸ்டேட் கேட்டுக்கு உள்ள இருக்கு. எஸ்டேட்டுக்கும் ஊருக்கும் ஒரு பாதை விஷயமா ரொம்ப நாளா மனஸ்தாபம், ஊர்க்காரங்க அந்த கேட்டுல பேரு எழுதிட்டு உள்ள போறதை மானப் பிரச்சினையா பாக்குறாங்க. முதல் ரெண்டு தடவை ஆர்வத்துல வந்தாங்க, அப்புறம் வரல. மேனேஜர் ஷெட்டை இலவசமா குடுத்தாரே, எவ்வளவு நல்ல மனசுன்னு நாங்க நன்றிக் கடிதம் வேற அனுப்பியிருந்தோம். அன்னிக்கு நடைமுறையில இருந்த 1951ஆம் வருஷ தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்யறது நிர்வாகத்தோட கடமை, எங்க கேம்ப் உள்ள நடந்தா அவருக்கும் அதுல ஒரு சவுகரியம் இருந்துச்சு. அவரைக் குத்தம் சொல்லல, அவருக்கு என்ன லாபம்னு நாங்க யோசிக்கவே இல்லைங்கிறேன்.

அடுத்தது பணம். மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்துல ஒத்தை மூங்கில் ஏணி சாத்தி ஏறுவாங்க. ஒரு பையன் தவறி விழுந்து தொடை எலும்பு முறிஞ்சு, கேம்ப்ல குடுத்த கார்டை நம்பி நேரா எங்க ஆஸ்பத்திரிக்கு ராத்திரி கொண்டு வந்துட்டாங்க. கவுன்டர்ல அட்வான்ஸ். "விபத்துக்கு 48 மணி நேரம் இலவசம்னு சொல்றாங்களே"ன்னு அவங்க அண்ணன் கேட்டிருக்காரு. அவரு சொன்னது இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டம், 2021 டிசம்பர்ல வந்தது, அது சாலை விபத்துக்கு, மரத்துல இருந்து விழுந்தா பொருந்தாது. இதை ஒரு நிமிஷம் உக்கார வெச்சு சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும், கவுன்டர் பையன் "அதெல்லாம் இல்ல"ன்னு ஒரே வார்த்தை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, குடும்ப வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா சேரலாம், இவங்களுக்கு கண்டிப்பா தகுதி உண்டு, ஆனா அட்டை எடுக்கல. எங்க இன்சூரன்ஸ் டெஸ்க்கும் ராத்திரில பூட்டு. கடைசியில அண்ணி தோடு அடகுக்குப் போச்சு.

இலவசம்னு கூப்பிட்டு கீழ எறக்கி காசு புடுங்குறாங்கன்னு பேச்சு. இதுவும் அதே ஜீப்ல மேல ஏறிடுச்சு.

என்ன மாத்துனோம்

மொதல்ல ஊர்க்கவுண்டர். அவரு வீட்டுத் திண்ணையில உக்காந்து அந்தம்மா விஷயத்துல தப்பு எங்க மேலதான்னு நேரா சொன்னேன், எங்க சட்ட ஆலோசகர் அப்படி ஒத்துக்காதீங்கன்னு சொல்லி அனுப்பியும். அவரு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அம்மணி, வந்தா சொல்லிட்டு வாங்க, வரலேன்னாலும் சொல்லிட்டு நில்லுங்க"ன்னாரு. எனக்கு மொதல்ல புரியல. மழையில ரோட்டுல மண்ணு சரிஞ்சு ஒரு கேம்ப் ரத்து பண்ணோம், எஸ்டேட் ஆபீஸுக்கு மட்டும் போன் போட்டோம், ஊர்ல கெழவிங்க எல்லாம் மத்தியானம் வரைக்கும் காத்துட்டு இருந்திருக்காங்க. அதை அவரு மறக்கல.

மாத்திரை விஷயத்துல முடிவு கறாரா எடுத்தோம், கேம்ப்ல பிரஷர், சுகர் மாத்திரை நாங்க குடுக்கறதே இல்ல. பிஎச்சி நோட்டுலயே எங்க டாக்டர் எழுதுவாரு, பிராண்ட் பேரு கிடையாது, மருந்தோட பொதுப் பேரு. மாத்தணும்னா செவிலியர் வழியா பிஎச்சி டாக்டர்கிட்ட பேசி அங்கதான் மாத்துவாங்க, பேஷன்ட்கிட்ட கேட்டுட்டுத்தான் விவரத்தைப் பகிர்வோம். எங்க ஆளுங்களுக்கு இது பிடிக்கல. மருந்து குடுக்கலேன்னா கேம்ப்னு எதுக்குன்னு பார்மசி கேட்டாங்க, போட்டோவுல என்ன இருக்கும்னு ஒருத்தர் நெசமாவே கேட்டாரு. டிரஸ்டிகிட்ட நான் தத்துவம் எதுவும் பேசல, அந்தம்மா சரிவுல இன்னும் நாலடி தள்ளி விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு மட்டும் கேட்டேன். அன்னிக்கே கையெழுத்து ஆச்சு.

இந்த தடவை லெட்டர் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் போச்சு, லெட்டர் போறதுக்கு முன்னாடியே வட்டார மருத்துவ அலுவலரை நேர்ல பாத்தோம். இடத்தை துணை சுகாதார நிலையத்துக்கு மாத்துனோம். மேனேஜருக்கு கசப்பு, ஒரு மாசம் போன் எடுக்கல. இடம் மாத்துறதை அவரு ஆபீஸுக்கு நேர்ல போய் சொன்னோமே தவிர அவரை சமாதானம் பண்ண ஷெட்டுல இன்னொரு கேம்ப் போடல. லைன் வீட்டு ஆளுங்க துணை நிலையத்துக்கே வர்றாங்க, கேட்டுக்கு வெளிய வர்றதுல அவங்களுக்கு பிரச்சினை இல்ல. கிழமை இப்போ வியாழன், பழ சீசன்ல மட்டும் ஞாயிறு. ஞாயிறுன்னா டூரிஸ்ட் வண்டி ஏறுறதுக்கு முன்னாடி நாங்க மேல போயிடணும், மே மாசம் கோடை விழா நேரத்துல கேம்ப்பே கிடையாது, அந்தக் கூட்டத்துல பேஷன்ட்டை கீழ எறக்கவும் முடியாது.

கம்பெனிக்கு நான் ரொம்ப பயந்தேன். எண்ணிக்கை விழும், அடுத்த வருஷம் நிதி வராதுன்னு. பாரத்தை மாத்தலாமா, எத்தனை பேர் வந்தாங்கன்னு இல்லாம மூணு மாசம் கழிச்சும் எத்தனை பேரோட பிரஷர் கட்டுக்குள்ள இருக்குன்னு எழுதுறோம்னு போன்ல கேட்டேன். அந்த அதிகாரி, "தாராளமா மேடம், அந்தப் பாரம் வேற ஒரு புராஜெக்ட்ல இருந்து காப்பி பண்ணது"ன்னாரு. அரை வருஷமா அந்த ஒரு கட்டத்துக்காக ஆளுங்களை வரிசையில நிக்க வெச்சு ஆதார் எழுதிட்டு இருந்திருக்கோம்.

காப்பீட்டு அட்டைக்கு விஏஓ வருமானச் சான்று, ரேஷன் கார்டு எல்லாம் சேத்து, கலெக்டர் ஆபீஸ்ல பதிவு பண்ண ஜீப் ஜீப்பா ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தோம். டிரைவர்தான் யாரு வீட்டுல எந்த பேப்பர் இல்லைன்னு லிஸ்ட் வெச்சிருந்தாரு. கேம்ப் சீட்டோட ராத்திரி வந்தா அட்வான்ஸ் கேக்கக்கூடாதுன்னு கவுன்டர்ல எழுதி ஒட்டியிருக்கு.

ஒண்ணு மட்டும் இன்னும் முடியல. எங்க எலும்பு டாக்டர் விசிட்டிங், கேஸுக்கு இவ்வளவுன்னு வாங்குறவரு. காப்பீட்டு பேக்கேஜ் ரேட்டுக்கு அவரு சம்மதிக்கிறதில்ல, பணம் லேட்டா வருதுன்னும் சொல்றாரு, அது பொய்யும் இல்ல. அதனால எலும்பு முறிவுன்னா இன்னிக்கும் முதல்உதவி பண்ணி பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புறோம், போறப்போ எங்க நர்ஸ் ஒருத்தர் கூட போவாங்க. வெளியாளை எல்லாம் சரிக்கட்டிட்டு உள்ளாளை சரிக்கட்ட முடியலைன்னு டிரஸ்டி கிண்டல் பண்றாரு, பண்ணட்டும்.

கூட்டம் பழையபடி டோக்கன் புக் பத்தாத அளவுக்கு வரல. வர்றவங்க நோட்டோட வர்றாங்க. விழுந்த அம்மா நாலு மாசம் கழிச்சு வந்தாங்க, டாக்டர் முகத்தைப் பாக்காம நோட்டை மட்டும் நீட்டுனாங்க.

போன மாசம் செவிலியருக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிடுச்சு. புதுசா வந்தவங்க தர்மபுரி பக்கம், எங்களைப் பத்தி ஊர்ல என்ன கேள்விப்பட்டிருக்காங்கன்னு தெரியாது. பழைய சிஸ்டர் போறதுக்கு முன்னாடி எந்தெந்த வீட்டுல இன்னும் ரெண்டு அட்டை இருக்குன்னு ஒரு தாள்ல எழுதி டிரைவர்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்காங்க. நாளைக்கு அந்தத் தாளோட மேல போறோம், காலைல அஞ்சரைக்கு அடிவாரத்துல நிக்கச் சொல்லியிருக்காரு.